பென்சிலால் எழுதிய வரி

1

மன்னாரில் நமது கோயிலின் பங்குத் தாளுக்கு அங்கத்தைய புதினம் எழுது, எழுது என்று பங்குச் சுவாமி கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறார். போன முறை ஒக்லாந்து மழையைப் பற்றி எழுதினேன். அதற்கு முந்திய முறை செம்மறியாடுகளைப் பற்றி. உண்மையைச் சொன்னால் நான் ஆட்டைக் கண்டது ஒரேயொரு தடவை, அதுவும் ஓடுகிற பஸ்ஸுக்குள் இருந்து. இந்த முறை இட்டுக்கட்ட வேண்டியதில்லை. எழுதுவதற்கு ஒரு காரியம் நடந்திருக்கிறது, எழுதத்தான் கை வரவில்லை.

யூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. ஹென்டர்சனில் நான் வேலை செய்யும் சோஸ் போத்தல் தொழிற்சாலையில் இருந்து நனைந்துகொண்டு வந்து தபால்பெட்டியைத் திறந்தால், மகளின் கடவுச்சீட்டுக்கு நான் அனுப்பிய விண்ணப்பம் எனக்கே திரும்பி வந்திருந்தது. மேலே ஒரு மஞ்சள் துண்டு. எல்லா விடைகளையும் மையினால் எழுதவும் என்று அதில் இருந்தது.

மகள் நிரோஷினி சப்பாத்துக்கூடக் கழற்றாமல் அதைப் பறித்து வாசித்தாள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை யாராவது பென்சிலால் நிரப்புவார்களா என்று இங்கிலீசில் கத்தினாள். அவள் கேட்பது இங்கிலீசில், நான் சொல்வது தமிழில். எங்கள் வீட்டில் இரண்டு பாஷையும் ஒன்றையொன்று இடிக்காமல் போய்வரப் பழகிவிட்டன.

"முழுக்க இல்லையடி, ஒரு வரிதான்" என்றேன்.

அது தகப்பனுக்குரிய வரி. பெயர், பிறந்த ஊர் எல்லாம் மையால்தான் எழுதினேன். ஒப்பம் வைக்கும் இடத்தில் மட்டும் பென்சிலால், காணவில்லை என்று.

திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் அந்த அலுவலகத்துக்கு போன் எடுத்தேன். பேசிய பிள்ளை மரியாதையான பிள்ளை. தகப்பன் உயிரோடு இருந்தால் அவருடைய ஒப்பம் வேண்டும், இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் வேண்டும், அதுவும் இல்லையென்றால் அவர் இறந்துவிட்டார் என்று ஒரு சமாதான நீதவானுக்கு முன்னால் சத்தியக் கடதாசி முடித்து அனுப்புங்கள் என்றாள். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாவிட்டால் என்றேன். என் இங்கிலீசு விளங்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, முதலில் இருந்து மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். எனக்கு முதல் தடவையே விளங்கிவிட்டது.

அந்தக் கிழமையோடு அவர் போய் ஏழு வருஷம்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் கணவர் யேசுதாசன். மாந்தையில் அகழ்வு நடந்த காலத்தில் படம் கீறுகிறவராக இருந்தார். நான் அங்கே ஓட்டுத் துண்டு கழுவி, இலக்கம் எழுதி, பதிவேட்டில் ஏற்றுகிற பெட்டைப் பிள்ளை. பல் துலக்கும் பிரஷால் மண்ணைத் தேய்த்து, காயவைத்து, ஒவ்வொரு துண்டின் உட்புறத்திலும் எறும்பு அளவு எழுத்தில் இலக்கம் போடவேண்டும். வீட்டில் ஒரு கோப்பை கழுவாதவள் இரண்டாயிரம் வருஷத்துச் சட்டியைக் கழுவப் போகிறாளாம் என்று அம்மா சிரித்துக்கொண்டே இருப்பா.

ஒரு நாள் தடித்த கைப்பிடித் துண்டு ஒன்று வந்தது. கொழும்பில் இருந்து வந்து அகழ்வை நடத்திய புரொபெசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உரோமாபுரிப் பக்கத்துச் சாடி, வைன் கொண்டுவந்திருப்பார்கள் என்றார். "பாப்பரசர் அனுப்பினதோ சேர்?" என்று கேட்டேன். வெட்டிய கிடங்குக்குள் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்கு உரோமாபுரி என்றால் அதுதானே தெரியும்! பாப்பரசர் வருவதற்கு முந்தின சாமான் பிள்ளை என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

கைப்பிடி சாடியோடு சேரும் அடியில் ஒரு பெருவிரல் பள்ளம் இருந்தது. ஈரக் களிமண்ணை ஒட்டவைக்க எவனோ ஒரு குயவன் அழுத்திய விரல். கடலுக்கு அந்தப் பக்கம் அழுத்தினது, மன்னார் மண்ணுக்குள் கிடந்து வந்திருக்கிறது. நான் அதைப் பதிவேட்டில் ஏற்றினேன். மூன்றாம் நாள் தட்டில் பார்த்தால் அது இல்லை.

அந்த வரியை வெட்டிவிடவும் ஏலாது, சும்மா விடவும் ஏலாது. புரொபெசர் ஒரு முறையை வைத்திருந்தார். தொலைந்த பொருளுக்கு நேரே காணவில்லை என்று பென்சிலால் எழுதவேண்டும். கிடைத்தால் அழித்துவிடலாம். அந்தப் பருவ வேலை முடியும் கடைசி நாள்வரை கிடைக்காவிட்டால், அவரே கறுப்பு மையை எடுத்து அந்தப் பென்சில் எழுத்தின் மேலேயே எழுதுவார். அழித்துவிட்டு எழுதமாட்டார். இவ்வளவு நாளும் தேடினோம் என்பது அடியில் தெரியட்டும் என்பார்.

மூன்று கிழமை பென்சிலில் கிடந்தது என் வரி. செபஸ்தியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். பிறகு ஒரு மத்தியானம் யேசுதாசன் தன் பலகைக்கு அடியில் இருந்து அந்தக் கைப்பிடியை எடுத்து என் மேசையில் வைத்தார். வடிவாகக் கீறவேண்டும் என்று சொல்லாமல் கொள்ளாமல் எடுத்து வைத்திருந்தாராம்!

"உங்களுக்கு மனச்சாட்சி இருக்கோ? நான் மூண்டு கிழமையா நித்திரை கொள்ளேல்லை!"

"கோவிக்காதேயும். இதைப் பாரும்" என்று தன் பெருவிரலை அந்தப் பள்ளத்துக்குள் வைத்துக் காட்டினார். அளவெடுத்ததுபோல இருந்தது. "ஏதோ நான்தான் செய்த மாதிரி இருக்கு, என்ன?"

நான் இறப்பரை எடுத்து வரியை அழித்தேன். அடுத்த வருஷம் எங்களுக்குக் கலியாணம்.

சண்டை கூடக்கூட அகழ்வு நின்றுபோனது. கிடங்குகளை மூடினார்கள். அவர் கீறிய படங்கள் சுருட்டிச் சுருட்டி ஒரு தகரப் பெட்டிக்குள், பக்கத்தில் காவலுக்கு இருந்தவருடைய வீட்டில் கிடந்தன. தொண்ணூறாம் ஆண்டு யூனில் திரும்பவும் சண்டை தொடங்கி, சனம் எல்லாம் வள்ளம் ஏற ஆயத்தமான அன்று காலையில் அவர் சைக்கிளை எடுத்தார்.

"எங்க போறீங்கள்?"

"அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு வந்திடுறன். நெருப்பு வைச்சாங்களெண்டா எல்லாம் போயிடும்."

"ஓட்டுச் சில்லுக்காக ஆராவது சாகப் போவினமே?" என்று கத்தினேன்.

"இஞ்சேரும், நீர் சாமானைக் கட்டும். மத்தியானத்துக்கு முதல் வந்திடுவன்."

சைக்கிளும் வரவில்லை, அவரும் வரவில்லை. பொழுதுபட எங்களை வள்ளத்தில் ஏற்றினார்கள். எட்டு வயது நிரோஷினி என் சீலைத் தலைப்பைப் பிடித்தபடி, அப்பாவுக்கு இடம் இருக்கா என்று வள்ளக்காரரைக் கேட்டாள். கடைசியாக அவருக்கு நான் சொன்ன சொல், சாகப் போவினமே என்ற அந்தச் சொல்தான்.

3

இந்தியாவில் கொஞ்சக் காலம், பிறகு என் தம்பி கூப்பிட்டு ஒக்லாந்து. இங்கே வந்த நாளில் இருந்து போர்ம் போர்மாக நிரப்பிவிட்டேன். வீடு வாடகைக்கு எடுக்க, வைத்தியரிடம் பதிய, வரி இலக்கம் எடுக்க. எல்லாவற்றிலும் மணமானவர் என்றே அடையாளம் போட்டேன். ஒருவரும் அவரைக் கொண்டுவந்து காட்டு என்று கேட்கவில்லை.

நிரோஷினி பள்ளிக்கூடத்தில், அப்பா எங்களோடு இல்லை என்று சொல்லியிருக்கிறாள். இந்த ஊரில் அதற்குப் பிரிந்துவிட்டார்கள் என்று அர்த்தம். வகுப்பாசிரியை என்னிடம், பிள்ளை சனி ஞாயிறுகளில் தகப்பனிடம் போய்வருகிறாளா என்று கனிவாக விசாரித்தா. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மகளை ஏசவும் மனம் வரவில்லை. அவளுக்கு நான் வேறு என்ன சொல்லிக் கொடுத்தேன்?

இந்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் போர்ம் வகுப்பு. எடுத்த பாடங்களில் ஒன்று பழைய கிரேக்கமும் உரோமும். இந்தத் தேசத்துப் பிள்ளைகள் ஆசைப்பட்டுப் படிக்கும் பாடம் அது. அறைச் சுவர் முழுக்க உடைந்த தூண், மூக்கில்லாத சிலை, எரிமலைச் சாம்பல் மூடின பட்டினம். அந்தப் பட்டினத்தில் எந்தத் தெருவில் எந்த பேக்கரி இருந்தது என்று சொல்லுவாள். மன்னாரில் அவள் பிறந்த தெருவின் பெயரைக் கேட்டால் யோசிப்பாள்.

ஒரு ஞாயிறு பூசை முடிய அவளோடு பஸ் ஏறி, மேட்டில் இருக்கும் நூதனசாலைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்பும் செம்மண் நிறமுமாகக் கிரேக்கச் சாடிகள். அவள் ஓடுகிற குதிரையையும் வேல் பிடித்த வீரனையும் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் அதை எல்லாம் விட்டுவிட்டு, முழங்காலில் நின்று தலையைச் சரித்து ஒரு கிண்ணத்தின் அடியைப் பார்த்தேன். இருந்தது! எறும்பு அளவு எழுத்தில், கறுப்பு மையில், இலக்கம். எந்தப் பெட்டை எழுதினாளோ, கை நடுங்காமல் எழுதியிருந்தாள்.

எழும்பிப் பார்த்தால் மகளைக் காணவில்லை. அடுத்த பெட்டிக்கு முன்னால், என்னைத் தெரியாத ஆள் மாதிரி நின்றாள்.

"உப்பிடி ஒரு சாடியின்ர கைப்பிடி எங்கட மாந்தையிலயும் வந்தது பிள்ளை. உரோமச் சாடி. நான்தான் கழுவினனான்."

அப்படியா அம்மா என்றாள் இங்கிலீசில். நாலு வயதுப் பிள்ளை தான் யானை கண்டதாகச் சொன்னால் நாங்கள் எப்படி அப்படியா என்போமோ, அப்படி. பொய் என்று சொல்லியிருந்தாலும் சண்டை பிடித்திருக்கலாம்.

செப்டெம்பர் விடுமுறையில் வகுப்பையே ஏதென்சுக்கும் உரோமாபுரிக்கும் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று கடிதம் வந்தது அதற்குப் பிறகுதான். வகுப்பில் இவள்தான் இளையவள், பதினாறு இன்னும் முடியவில்லை. அதனால் கடவுச்சீட்டுக்குப் பெற்றார் இருவருடைய ஒப்பமும் வேண்டும். யூலை முடிவதற்குள் கடவுச்சீட்டு கையில் இல்லாதவர்கள் போக முடியாது.

4

தொழிற்சாலையில் என்னோடு லேபிள் ஒட்டுகிற லலிதா திருச்சிக்காரி. கெட்டிக்காரி, இரக்கமுள்ளவள். விஷயத்தைச் சொன்னதும், "ஏன்க்கா, இதுல யோசிக்க என்ன இருக்கு? வெறும் பேப்பர்தானே. எழுதிக் குடுத்துட்டு பொண்ண அனுப்பி வைங்க" என்றாள்.

"பேப்பர்தான் லலிதா. ஆனால் நான் எழுதவேணுமே."

"சாமி கோவிச்சுக்குமா என்ன?"

"சாமி கோவிக்காது. மாமி கோவிப்பா."

என் மாமி, அவரைப் பெற்றவ, மன்னாரிலேயே இருந்துவிட்டா. மகன் வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாதாம். கண் இரண்டும் போய்விட்டன. யாரையாவது பிடித்துச் சொல்லச் சொல்ல எழுதுவித்து எனக்குக் கடிதம் போடுவா. ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: அவன் வந்தா உன்ர விலாசத்தைக் குடுக்கிறன், பத்திரமா வைச்சிருக்கிறன். அவரின் பெயரில் இறந்தவர்களுக்கான பூசை ஒன்று ஒப்புக்கொடுக்க நானும் துணியவில்லை, அவவும் விடவில்லை. நவம்பரில் எல்லோரும் தங்கள் செத்தவர்களுக்காகச் சவக்காலையில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். நான் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நின்றுவிடுவேன். ஏழு நவம்பர் காய்ச்சல்.

விண்ணப்பம் மேசையில் கிடந்தது. மூன்று கிழமையாக நான் அதன் மேல் பத்திரிகையைப் போடுவதும், மகள் பத்திரிகையை எடுப்பதுமாகப் போனது. அவள் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். கதவை அடித்துச் சாத்தினாலாவது தேவலை, சத்தமில்லாமல் சாத்தினாள்.

ஒரு சனிக்கிழமை, இரண்டு மழைக்கு நடுவில் கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கொப்பியோடு வந்து படியில் குந்தினாள். கட்டுரை எழுதுகிறாளாம், வாசித்துக் காட்டட்டுமா என்றாள். எந்த நாளும் இல்லாத திருநாளாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, வாசி என்றேன்.

ஏதென்சில் சண்டையில் செத்தவர்களை அடக்கம் பண்ணுவது பற்றியது அது. எலும்புகளைப் பெட்டிகளில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். அதோடு ஒரு கட்டிலையும் தூக்குவார்கள். துணி விரித்த வெறும் கட்டில். தேடியும் உடல் கிடைக்காதவர்களுக்காக.

என் கையில் இருந்த ஈரத் துவாய் அப்படியே நின்றது.

"வெறும் கட்டிலோ?"

"ம்."

"அவையள் செத்திட்டினமெண்டு ஆர் கண்டது?"

யாரும் காணவில்லை, ஆனால் வீட்டுக்காரர் பின்னால் நடந்து போய் அழ ஏதாவது வேண்டுமே என்றாள் இங்கிலீசில்.

"தூக்கின பிறகு அந்த மனுசன் நடந்து வந்தால்?"

கொப்பியை மூடினாள். வந்தால் வந்ததுதான் அம்மா, யார் கோபிக்கப் போகிறார்கள் என்றாள். பிறகு படியில் இருந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். தமிழை எங்கோ உள்ளே தேடி எடுப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"நாங்க அப்பாவுக்கு ஒண்டுமே தூக்கேல்லை அம்மா."

ஐயோ, ஏழு வருஷமாக இந்தப் பிள்ளை அழாமல் இருந்தது பலத்தினால் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அழுவதற்கு நான் ஒரு இடம் காட்டவில்லை என்று தெரியாமல் போய்விட்டது. துவாயைக் கூடைக்குள் போட்டுவிட்டுப் படியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். இரண்டு பேரும் அழுதோம். மழை வந்து உடுப்பெல்லாம் திரும்ப நனைந்தது.

5

நமது ஊரில் சமாதான நீதவான் என்றால் வெள்ளை வேட்டியும் முத்திரையுமாகப் பெரிய மனிதர். இங்கே இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர் தோட்டத்தில் உருளைக்கிழங்குப் பாத்தி கொத்திக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து சமையலறை மேசையில் கடதாசியை விரித்தார். நிரோஷினி எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

வெறுமையாக விட்டிருந்த ஒரு இடத்தில்தான் அந்தச் சொல்லை எழுதவேண்டும். நான் கைப்பையில் இருந்து பென்சிலை எடுத்தேன். அவர் தன் பேனாவை நீட்டினார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி, முதலில் பென்சிலால் எழுதினேன், இறந்துவிட்டார் என்று. பிறகு அவருடைய பேனாவை வாங்கி, அந்த எழுத்தின் மேலேயே, ஒவ்வொரு எழுத்தாக, மையால் எழுதினேன். எறும்பு அளவு எழுத்து எழுதின கை. ஒரு சொல்லுக்கு இவ்வளவு நேரம் எடுத்தது.

மை காய்ந்ததும் பென்சிலை அழித்துவிடலாம் என்று கிழவர் இறப்பரை எடுத்துவந்தார்.

வேண்டாம், அது அடியில் கிடக்கட்டும் என்றாள் மகள். புரொபெசர் கதையையும், அப்பா விரல் வைத்துப் பார்த்த கைப்பிடிக் கதையையும் வரும் வழியில்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். கிழவர் இறப்பரைத் திரும்ப வைத்தார். ஒப்பம் வைத்து முத்திரை குத்தினார். போகும்போது ஒரு பை நிறைய உருளைக்கிழங்கு தந்தார்.

கடவுச்சீட்டு வந்தது, அவள் போனாள். செப்டெம்பரில் ஏதென்சில் இருந்து ஒரு படத் தபால் வந்தது. வழக்கம்போல இங்கிலீசுதான். நூதனசாலை ஒன்றில் சாடிக் கைப்பிடிகளை வரிசையாக வைத்திருக்கிறார்களாம், நான் சொன்ன விரல் பள்ளம் அதில் உண்மையாகவே இருக்கிறதாம். கண்ணாடிக்கு வெளியே தன் பெருவிரலை வைத்துப் பார்த்தாளாம், சின்னதாக இருந்ததாம். கடைசி வரியில், அப்பாவின் விரல் எவ்வளவு பெரிசு என்று கேட்டிருந்தாள். அவரைப் பற்றி அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. இரண்டு நாள் பதில் யோசித்தேன். பிறகு ஒரு தாளில் என் விரலை வைத்துச் சுற்றிக் கீறி, இதைவிட இவ்வளவு என்று வெளியே இன்னொரு கோடு கீறி வைத்தேன். வந்ததும் கொடுத்தேன். வாங்கித் தன் விரலை அதன் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த நவம்பரில் எனக்குக் காய்ச்சல் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மெழுகுதிரி கொளுத்தினோம்.

பங்குத் தாளை மாமிக்கு யாராவது வாசித்துக் காட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கடிதத்தில் எழுதத் துணிவில்லாமல்தான் இதில் எழுதுகிறேன். வாசிக்கிற பிள்ளையே, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்து. அவவுக்குத் தண்ணீர் கொடு. கையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

மாமி, உங்கட மகனை நான் மையால எழுதிப்போட்டன். பிள்ளைக்கு அழுறதுக்கு ஒரு இடம் வேணுமாயிருந்தது, எனக்கும்தான். என்னைத் திட்டுங்கோ, பறவாயில்லை. ஆனால் அடியில இருக்கிற பென்சிலை அழிக்கேல்லை. நீங்கள் வைச்சிருக்கிற விலாசத்தை எறிஞ்சுபோடாதேங்கோ மாமி. வீடு மாறேல்லை. அவர் வந்தால் குடுக்கிறதுக்கு அதே விலாசம்தான்.